லீட்டரை மட்டும் சொல்லி பிரிட்ஜ் விற்காதீர்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து மின்சாதனக் கடைக்காரர்களுக்கும், பென்ட்ரி கபட் அடித்துக் கொடுக்கும் ஓடாவிமாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

விலைச்சீட்டில் 300 லீட்டர், 500 லீட்டர் என்று பெரிதாக எழுதுகிறீர்கள். குசினியை அளப்பது அங்குலத்தில். அதனால்தான் வாங்கிய பிரிட்ஜ் விறாந்தையில் நிற்க, கபட் கழற்றிப் பூட்டும் வேலையாட்களான எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

“ஒரு கபட் பெட்டியைக் கழற்றினால் சரி” என்று கடையில் சொல்லி அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். கீழ்க் கபட் பெட்டி பெரும்பாலும் 24 அங்குல அகலம். மேலும் கீழுமாக இரட்டைக் கதவுள்ள பிரிட்ஜும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் வெப்பம் வெளியேறும் குழாய் பக்கத் தகட்டுக்குள் ஓடும் மாடல்கள் இப்போது நிறைய. பக்கத்துக்கு 2 அங்குலமாவது விடாவிட்டால் கொம்பிரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். ஆக வேண்டியது 28 அங்குலம். இரு பக்கமும் திறக்கும் பெரியது சுமார் 36 அங்குல அகலம், 70 அங்குல உயரம். அதற்கு இரண்டு பெட்டி போகவேண்டும். மேல் கபட்டின் அடி நிலத்திலிருந்து 54 அங்குலமளவில் இருப்பதால் அதுவும் தப்பாது.

ஓடாவிமாருக்கு ஒரு வேண்டுகோள். பலகை மிச்சம் பிடிக்க இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரே பலகையைக் கொடுக்கிறீர்கள். ஒன்றைக் கழற்றினால் மற்றதற்குப் பக்கமே இல்லை. தட்டுகள் தொங்கிவிடும், மெலமைன் விளிம்பு உதிரும். பிரிட்ஜுக்குப் பக்கத்திலுள்ள இரண்டு பெட்டியையாவது தனித்தனியாக அடித்து, போல்ட்டால் இணையுங்கள். அதற்காகும் கூடுதல் பலகை ஒன்றே ஒன்று.

சமையல் மேடையாகக் கொங்கிரீட் சிலாப் போட்ட குசினி இன்னொரு கரைச்சல். சிலாப்பைத் தாங்குவது கீழேயுள்ள கல் சுவர். அதை உடைத்துவிட்டுச் சிலாப்பை வெட்டினால், வெட்டிய முனை அந்தரத்தில் நின்று வெடிக்கும். முதலில் எஞ்சப்போகும் பக்கத்தில், வெட்டுக்கோட்டுக்கு உட்புறமாகப் புதிய தாங்கு சுவர் கட்டி, அது இறுகிய பிறகுதான் கிரைண்டரால் வெட்டவேண்டும். வெட்டும் இடத்துக் குசினிச் சுவரின் பிளக் பொயின்டுகளுக்குரிய பிரேக்கரை இறக்கிவிட்டு, கிரைண்டருக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். காஸ் சிலிண்டர் ரெகியுலேட்டரோடு வெளியே போகவேண்டும். கம்பி வெட்டும்போது பொறி பறக்கும்.

மேல் கபட்டைக் கழற்ற இரண்டு பேர் தேவை. கதவு, தட்டுகளைக் கழற்றி, சுவரோரச் சிலிக்கனைக் கத்தியால் அறுத்து, பக்கத்துப் பெட்டியோடு பிடித்த ஸ்குரூவை எடுங்கள். அடியில் முட்டுக் கொடுத்த பிறகே சுவர் ஸ்குரூ. இங்கே பல சுவர், உள்ளே வெற்றான ஹொலோ புளொக். ஸ்குரூவைப் பிடிக்கும் பிளக் லூசாகிப் போயிருந்தால் கடைசி ஸ்குரூவுக்குக் காத்திராமல் பெட்டி தலையில் வரும்.

கபட் போனதும் கீழே பார்த்தால் டைல் இருக்காது. பள்ளத்தைச் சீமெந்தால் நிரப்பி, டைல் ஒட்டி, மட்டம் பார்த்து வையுங்கள். பெரிய பிரிட்ஜ் 100 கிலோவைத் தொடும், ஒரு கால் இறங்கினாலே கதவு சரியாகப் பொருந்தாது. முன் கால் இரண்டையும் சற்றே உயர்த்தினால் கதவு தானாகச் சாத்தும். மார்கழி வெள்ளம் ஏறும் வீடுகளில் 6 அங்குல மேடை கட்டுகிறார்கள். நல்லதுதான். அந்த 6 அங்குலம் மேல் கபட் கணக்கிலும் சேரும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். பிளக் பொயின்ட் பிரிட்ஜுக்கு நேர் பின்னால் வேண்டாம். பக்கத்தில், கை எட்டும் உயரத்தில், 13 அம்பியர். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

கடைக்காரர்களே, காசு வாங்கமுன் ஒரு துண்டில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: கைபிடியோடு அகலம், உயரம், ஆழம்; கதவை முழுதாகத் திறக்கும்போது ஆழம்; பக்கம், பின், மேல் விடவேண்டிய இடைவெளி; கதவு கழற்றிய பிறகு மிஞ்சும் ஆழம். கடைசியானது குசினி வாசலுக்காக. 30 அங்குல வாசலால் பல பெரிய பிரிட்ஜ்கள் கதவைக் கழற்றாமல் போகாது. எவ்வளவு சூடான இடத்தில் ஓடும் என்று காட்டும் காலநிலை வகுப்பையும் பார்த்துச் சொல்லுங்கள். ‘டி’ (T) என்றிருந்தால் 43 பாகை வரை தாங்கும், ‘என்’ (N) 32 பாகைதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் குசினி 32ஐத் தாண்டிவிடும்.

பழைய மேல் கபட்டை பிரிட்ஜுக்கு மேலேயே திரும்ப அடிக்கச் சொல்லி யாரும் கேட்டால், மேலே விடவேண்டிய காற்று இடைவெளியை முதலில் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது 10 அங்குலத்துக்குக் குறைவென்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
குசினிகளில் கபட் கழற்றிப் பூட்டும் வேலையாட்கள்