பிலிப்பைன்ஸ் பயணம்: கடைசி இரவை ஏன் மணிலாவில் வைக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தியர்கள் விசா இல்லாமல் 14 நாள் சுற்றுலா வரலாம் என்று 2025 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் அரசு அறிவித்தது முதல், மணிலா, செபு, போராகாய் என்று விசாரித்து வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அக்டோபரில் டெல்லியிலிருந்து மணிலாவுக்கு நேரடி விமானமும் தொடங்கியதும் இன்னும் கூடிவிட்டது. எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விதான். "அங்கே போனால் பாதுகாப்பா இருக்குமா?" என்பது ஒன்று. "நெட்டில் பார்த்த திட்டத்தைவிட உங்களுடையதில் ஒரு ராத்திரி கூடுதல், காசும் கூடுதல், ஏன்?" என்பது இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். பிலிப்பைன்ஸ் என்பது 7,641 தீவுகள். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்படும் கடற்கரை எதுவும் மணிலாவில் இல்லை. போராகாய்க்கு கட்டிக்லான் வரை விமானம், அங்கிருந்து படகு. போஹோலுக்கு செபுவிலிருந்து இரண்டு மணி நேரம் கப்பல். எல் நீடோவில் தீவு தீவாகச் சுற்றிக் காட்டுவது, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய 'பங்கா' படகு. ஆக, உங்கள் பயணம் முழுக்கக் கடலின் தயவில் நடக்கிறது.

அந்த நாட்டு வானிலை நிறுவனத்தின் பெயர் பகாசா. புயல் நெருங்கும்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை எச்சரிக்கை எண் ஏற்றுவார்கள். நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவது மாதிரி. முதல் எண் ஏறினாலே கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் உங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். படகுத்துறையில் நின்று "மழையே இல்லையே, ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?" என்று சண்டை போட்டுப் பயனில்லை. புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பார்கள், ஆனால் அதை அப்படியே நம்பவும் முடியாது. செபு, போஹோல், சியர்காவ் தீவுகளை நொறுக்கிய ராய் புயல் (அங்கே ஒடெட் என்று பெயர்) வந்தது 2021 டிசம்பர் 16ஆம் தேதி.

கடலைத் தாண்டி மணிலா வந்து சேர்ந்தாலும் கதை முடியவில்லை. அங்குள்ள விமான நிலையத்தின் டெர்மினல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இல்லை. உள்நாட்டு விமானத்தில் ஒரு டெர்மினலில் இறங்கி, பன்னாட்டு விமானத்துக்கு வேறு டெர்மினல் போக வேண்டுமென்றால் வெளியே வந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். மணிலாவின் போக்குவரத்து நெரிசல் உலகப் பிரசித்தம். இரண்டரை மணி நேர இடைவெளி விட்டுப் போட்ட மலிவுத் திட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். படகு ஒரு வேளை தள்ளிப்போனால் தீவிலிருந்து வரும் விமானம் போச்சு, அது போனால் ஊர் திரும்பும் விமானமும் போச்சு. அப்போது புதிதாக வாங்கும் டிக்கெட்டின் விலைக்கு, ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை எவ்வளவோ மேல். அதனால்தான் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை மணிலாவிலேயே வைக்கிறோம். அதை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். வேண்டுமானால் ஒரு தீவைக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கூடுதல் பகல் வீண் இல்லை. ஸ்பானியர் காலத்துப் பழைய நகரமான இன்ட்ராமூரோஸ் கோட்டைக்குள் நடந்து பாருங்கள். 1607இல் கட்டி முடித்த சான் அகஸ்டின் தேவாலயம் இன்னும் நிற்கிறது. 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானியர்கள் அந்நாட்டின் தேசிய நாயகர் ஹோசே ரிசாலைச் சுட்டுக் கொன்ற இடம் பக்கத்திலேயே. அதற்கு முன் அவரைச் சிறை வைத்திருந்த சாண்டியாகோ கோட்டையிலிருந்து அவர் கடைசியாக நடந்துபோன வழியில், வெண்கலத்தில் காலடித் தடங்கள் பதித்திருக்கிறார்கள்.

இனி பாதுகாப்பு. மணிலாவில் திருட்டு இல்லையா என்றால் உண்டு. கியாப்போ, டிவிசோரியா சந்தை நெரிசலில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். தெருவில் நின்று கூடுதல் விலை தருகிறேன் என்று டாலர் மாற்றுபவரிடம் போகாதீர்கள். எண்ணிக் காட்டும்போது சரியாக இருக்கும், உங்கள் கைக்கு வரும்போது நோட்டு குறைந்திருக்கும். டாக்சியில் மீட்டர் போடமாட்டேன் என்றால் இறங்கிவிடுங்கள். எங்கள் யோசனை, வாடகைக் கார் கூப்பிடும் கிராப் செயலியை இங்கேயே போனில் ஏற்றி, உங்கள் எண்ணைப் பதிந்துகொண்டு போவது. ஓடிபி வர வேண்டுமே, அங்கே போய் சிம் மாற்றிவிட்டுத் தவிக்க வேண்டாம்.

நாங்கள் நிஜமாகவே கவலைப்படுவது வேறொரு வகை ஏமாற்றுக்கு. பூங்காவிலோ கோட்டைப் பக்கமோ ஒரு குடும்பம் தானாக வந்து பேசும். அம்மா மாதிரி ஒருவர், மகள் மாதிரி ஒருவர். எந்த ஊர் என்பார்கள், எங்கள் உறவுக்காரப் பெண் உங்கள் நாட்டுக்குப் படிக்க வரப்போகிறாள், நீங்கள் வீட்டுக்கு வந்து அவளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்பார்கள். போனால் சாப்பாடு போடுவார்கள், அப்புறம் சீட்டுக்கட்டு வரும், அல்லது மயக்க மருந்து கலந்த பானம் வரும். இது அங்கே பல வருடமாக நடக்கும் பழைய வித்தை. சிக்கல் என்னவென்றால், பிலிப்பினோக்கள் பொதுவாகவே அவ்வளவு அன்பாகப் பேசுபவர்கள். யாரைத்தான் நம்புவது? எங்கள் கணக்கு இதுதான்: நீங்கள் போய் வழி கேட்டவர் உதவினால் நம்பலாம், அவராகவே வந்து ஒட்டிக்கொண்டு வேறிடத்துக்குக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 911.

ஆண்கள் மட்டும் குழுவாக வந்து 'நைட் லைஃப்' ஏற்பாடு கேட்பதும் உண்டு. நாங்கள் செய்வதில்லை. அங்கே விபச்சாரம் சட்டவிரோதம், ஆள்கடத்தல் சட்டமும் போதைப்பொருள் சட்டமும் மிகக் கடுமை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் எங்களுக்கு வரும் நடுராத்திரி போன்களில் திருட்டுக்காக வருவது குறைவு. ஓட்டல் வரவேற்பறையில் குரல் உயர்த்தி, காரியம் கெட்டுப்போனதற்காக வருவதுதான் அதிகம். அறை தயாராக இல்லை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பழக்கத்தில் மேஜையைத் தட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்வோம். அங்கே நிற்கும் பெண் அப்போதும் சிரிப்பார், "எஸ் சார்" என்பார், ஒன்றும் நடக்காது. அந்தச் சிரிப்பைப் பார்த்து இங்கிருந்து போனவருக்குக் கோபம் இன்னும் ஏறும். உண்மையில் அவர் சங்கடத்தில் சிரிக்கிறார். நாலு பேர் பார்க்க ஒருவரை அவமானப்படுத்துவதை அங்கே எளிதில் மன்னிக்கமாட்டார்கள். அதற்கப்புறம் உங்களுக்காக யாரும் ஒரு படி கூடுதலாக ஏறமாட்டார்கள். அதே விஷயத்தை மெதுவாக, "குழந்தை தூங்கி விழுகிறது, ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலி வரும், தண்ணீர் வரும், பெரும்பாலும் அறையும் வரும். "எஸ்" என்றால் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வராது. "எத்தனை மணிக்கு?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள், பதிலில் உண்மை தெரிந்துவிடும்.

சின்னச் சின்ன சங்கதிகள் சில. விரலை மடக்கி யாரையும் கூப்பிடாதீர்கள், அங்கே அது நாயைக் கூப்பிடும் சைகை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்துக் கூப்பிடலாம். வயதில் சற்று மூத்த ஆணை 'குயா' என்றும் பெண்ணை 'ஆத்தே' என்றும் அழைத்தால் கடைக்காரர் முதல் ஓட்டுநர் வரை முகம் மலரும். நம் அண்ணா, அக்காதான். வழி கேட்டால் கையை நீட்டாமல் உதட்டைக் குவித்து ஒரு பக்கம் காட்டுவார்கள், புருவத்தைத் தூக்கினால் ஆமாம். கழிவறைக்கு 'சி.ஆர்.' என்று கேளுங்கள், வேறு எப்படிக் கேட்டாலும் ஒரு கணம் யோசிப்பார்கள்.

ஜீப்னி என்ற அந்த ஊர்ச் சிறு பேருந்தில் ஒரு முறையாவது ஏறுங்கள், ஆனால் கூட்டமில்லாத பகல் நேரத்தில். எதிரெதிரே நீள இருக்கை, முழங்கால் இடிக்கும். கண்டக்டர் கிடையாது. "பயாத் போ" என்று சொல்லிக் காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டினால், கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும், மீதியும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். வண்டிக்குள் காலையில் சில்லறை மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கும். ஆயிரம் பெசோ நோட்டை நீட்டுபவரை ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்கும் பார்வையே தனி. ஆகவே முதல் நாளே ஏதாவது பெரிய கடையில் நோட்டை உடைத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ரூபாயை அங்கே மாற்றுவது சிரமம், கசங்காத டாலர் நோட்டுகளாகக் கொண்டு போங்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 250 பெசோ கட்டணம் பிடிப்பது வழக்கம், எனவே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 'கரிந்தேரியா' என்று தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பானைகள் வரிசையாக இருக்கும், மூடியைத் திறந்து பார்த்து வேண்டியதைக் காட்டினால் சோற்றோடு தருவார்கள். அதில் 'மோங்கோ' என்று ஒன்று இருக்கும், வெள்ளிக்கிழமைகளில் கட்டாயம் இருக்கும். பார்த்தால் அச்சு அசல் நம் பாசிப்பயறுக் குழம்பு, மேலே முருங்கைக்கீரைகூட மிதக்கும். அடியில் கரண்டியை விட்டால் புகையிட்ட மீனோ பன்றித் துண்டோ வரும். காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறும் இறால் விழுதும் சேர்ப்பது அவர்களுக்குச் சாதாரணம், நாம் பெருங்காயம் போடுவதை யாரிடமும் சொல்லிக்கொண்டா போடுகிறோம்? "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், இறால், 'பாத்திஸ்' (மீன் சாறு), 'பாகோங்' (இறால் விழுது) எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பயப்படாமல் சாப்பிடக் கூடியவையும் நிறைய: காலையில் தெருவில் விற்கும் 'தாஹோ' (மிருதுவான டோஃபு, வெல்லப்பாகு, ஜவ்வரிசி), பொரித்த வாழைப்பழம், மாம்பழம். மணிலாவின் பாகோ பகுதியில் குருத்வாராவும் இந்துக் கோவிலும் இருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். உங்களைப் பார்த்து யாராவது "பும்பாய்" என்று சொல்லக்கூடும். இந்தியர்களுக்கு அங்கே வழங்கும் பேர் அது. மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறாக வசூலிக்கும் வட்டிக்காரர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள் என்பதால் அந்தச் சொல்லுக்கு ஒரு வாடையும் ஒட்டிக்கொண்டது. சேட்டை செய்யும் பிள்ளையை "பும்பாய் பிடித்துப் போய்விடுவான்" என்று மிரட்டுவதும் உண்டு. பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, முறைக்காமல் விட்டுவிடுங்கள். நம் பக்கத்துத் தொடர்பு அதைவிடப் பழையது. 1762இல் மதராஸிலிருந்து கப்பலேறிப் போன ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அதோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைன்டா என்ற ஊரில் குடும்பமாகத் தங்கிவிட்டார்கள்.

தாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாவோ இருப்பது தெற்கே மிண்டனாவோ தீவில். மிண்டனாவோ என்றதும் பதற வேண்டாம். பல நாடுகள் தம் மக்களைப் போக வேண்டாம் என்று எச்சரிப்பது சூலு போன்ற மேற்குப் பகுதிகளை முன்வைத்து, அங்கெல்லாம் நாங்களும் டிக்கெட் போடுவதில்லை. தாவோவில் பொது இடத்தில் புகை பிடித்தால் அபராதம், இதை அப்பாக்கள் கவனிக்கவும். பிள்ளையின் வீட்டு உரிமையாளர் குடும்பத்தில் இளையவர்கள் உங்கள் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டால் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள், பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. 14 நாளுக்கு மேல் தங்கும் எண்ணம் இருந்தால் புறப்படும் முன்பே விசா எடுக்க வேண்டும். விசா இல்லாமல் போனவர்களுக்கு அங்கே போய் நீட்டிக்க வழி கிடையாது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், சிங்கப்பூர், பிரிட்டன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் மட்டும் 30 நாள்.

புனித வாரத்தில், குறிப்பாகப் பெரிய வெள்ளியன்று, கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். அந்தத் தேதிகளைக் கேட்டால் நாங்களே வேறு வாரம் சொல்வோம்.

முன்பதிவுக்கு வரும்போது, ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் அச்செடுத்து ஒரே கோப்பில் தருவோம். குடியேற்ற அதிகாரி கேட்டால் போனில் தேடிக்கொண்டிருக்காமல் அதை நீட்டுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மலிவு என்று இரண்டு தனி டிக்கெட்டாக நீங்களே வாங்கிவிடாதீர்கள். பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டியிருந்தால் அங்கே விசா கேட்பார்கள். இ-டிராவல் என்ற இணையவழி வருகைப் பதிவைப் போய்ச் சேருவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. எங்களிடம் வந்தால் உங்கள் முன்னாலேயே பதிந்து, க்யூஆர் குறியை உங்கள் போனில் சேமித்துத் தருகிறோம். தட்டையான இரண்டு முனை பிளக் மாற்றியும் கடையிலேயே கிடைக்கும், நம் உருண்டை முனை அங்கே பல இடங்களில் நுழையாது.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
திருச்சி