எங்கள் காதுக்கும் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025இல் வந்த, இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தின் விமர்சனங்களை வாசித்தேன். மனிதாபிமானத்தைப் பாராட்டியிருந்தார்கள், சரி. ஆனால் பேச்சை 'இலங்கைத் தமிழ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். என் அம்மம்மா, 'பிறகு' என்பதற்கு எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சொல்லும் 'மறுகா' என்ற சொல் ஒருதரமாவது கேட்குமா என்று டிவிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பாதியில் என் கையைப் பிடித்து, "இது யாழ்ப்பாணத்துப் பேச்சு மனே" என்றார்.

வேறு படங்களிலும் எனக்குக் காதுதான் முதல். நீளம் என்று குறைசொன்னதால் 'மெய்யழகன்' படம் வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டப்பட்டது. எனக்கோ அதில் இருவர் இரவெல்லாம் பேசும் பேச்சுத்தான் படமே. பின்னணி இசையில்லாத 'கொட்டுக்காளி' படத்தின் ஆட்டோ இரைச்சலும் இன்னும் காதில் நிற்கிறது.

ஞாயிறு இதழில் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் எழுதும் விமர்சனத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகி, களுவாஞ்சிக்குடி