காலண்டரில் பால் கணக்கு

காட்பாடி,
ஐப்பசி 12

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்கு ஒரு விண்ணப்பம்தான் காரணம். அல்சைமர் ஆராய்ச்சிக்கு உதவும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் உன் உதவியும் வேண்டும். அப்புறம் சொல்கிறேன்.

படிக்காதவர்களிடம் இந்த மறதி நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு யோசனை. போன வருடம் இதையே வேறோர் இடத்துக்கு அனுப்பினேன். ‘முதற்கட்டத் தரவு இல்லை’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். அந்தத் தரவைச் சேர்க்கத்தானே பணம் கேட்டேன்! இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. இன்னும் நிரூபணமாகாத யோசனைக்கும் சிறு தொகை கொடுத்துப் பார்க்கும் அறக்கட்டளைகள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது. அமெரிக்காவின் அல்சைமர் அசோசியேஷன் பிற நாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் நிதி தருகிறது. முதலில் சுருக்கமாக ஒரு விருப்பக் கடிதம். அது தேறினால்தான் முழு விண்ணப்பம். கேட்டு வாங்குவது நம் ஊருக்குப் புதிதா என்ன? வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் பணம் திரட்டப்போய், ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில்தானே 1902இல் வேலூரில் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது!

அல்சைமரில் மூளைக்குள் மாற்றம் தொடங்கிப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் மருந்தும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான். 18 மாதச் சோதனையில் அது சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்திவிடவில்லை. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். எதை வைத்து? ஞாபகத்தையும் யோசனையையும் பார்க்கும் வழக்கமான மினி மென்டல் சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிக்கு இது வரவில்லை என்றால் அது நோயா, படிக்காததா? வேலூரும் பங்கெடுத்த 10/66 என்ற பன்னாட்டு மறதி நோய் ஆய்வு, கூட இருப்பவர்களிடமும் கேட்டுப் பார்த்து இந்தச் சிக்கலைப் பாதி அவிழ்த்தது. அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது என்ற மீதிப் பாதிதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆடியில் குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபது வயது அம்மா, மடியில் முறம். தகடு வைத்து இலை வெட்டுகிறார், தூள் வைத்துச் சுருட்டுகிறார், நூல் கட்டுகிறார். கை எங்கேயும் தடுமாறவில்லை. கட்டுக்கு 25 பீடி. அவர் போட்ட ஒரு கட்டில் 22 இருந்தது, அடுத்ததில் 28. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, மாமியார் மனம் நோகாதபடி, சத்தமில்லாமல் பிரித்து எண்ணித் திரும்பக் கட்டினாள். “ஒரு வருஷமாவே இப்படித்தான்கா. வயசாயிடுச்சு இல்ல?” என்றாள்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் உன் அம்மா நினைவுதான். காலண்டர் தாளில் பால் கணக்கு எழுதுவாரே, ஒரு மாதம் 14ஆம் தேதியில் மட்டும் மூன்று தடவை ‘ஒன்றரை’ என்று எழுதியிருந்தார் என்றாய். டாக்டரிடம் காட்டியது அதற்கு மூன்று வருடம் கழித்து. பீடிக்கட்டு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று ஆயுசுக்கும் பழகிய கணக்கு எப்போது பிசகத் தொடங்கியது என்பதை வீட்டாரிடம் கேட்டு, அல்சைமர் இருந்தால் ரத்தத்தில் கூடும் பி-டௌ 217 என்ற புரதத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும். முதலில் எண்பது பேர் போதும். இவ்வளவுதான் நான் கேட்பது.

காகித வேலை நிறைய. நெறிமுறைக் குழு, வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவு, அதற்கான டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்கு, சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதி. எல்லாவற்றையும் எங்கள் கணக்குப் பிரிவு பொறுமையாகப் பார்க்கிறது. பட்ஜெட்டில் ஒரு வரிக்கு மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எங்களோடு அரை நாள் உட்கார்ந்தால் அந்தக் காசு போய்விடும். அதை ஈடுகட்டாமல் அவர்களிடம் கேள்வி கேட்க எனக்கு மனசு வராது.

சரி, உன்னிடம் கேட்க வந்தது. விண்ணப்பத்தில் ‘எளிய நடைச் சுருக்கம்’ என்று ஒரு பக்கம் உண்டு. பிரிட்டனின் அல்சைமர்ஸ் சொசைட்டியில், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களே விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒருத்தி நீதான். ஆறு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள். தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்; நீ திருத்திய பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதுவேன். புரியாத இடத்தில் கோடு போடு. அம்மா கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார் என்று தோன்றும் வார்த்தையை அடித்துவிடு.

பெயர் போடாமல் பால் கணக்கைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், தயங்காமல் சொல். அந்தக் காலண்டர் தாள் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நவம்பர் 18 கடைசி நாள்.

அன்புடன்,
வசந்தி