செங்கல் அளவுச் செயற்கைக்கோள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பி.எஸ்.எல்.வி. சி-38 ராக்கெட் 2017 ஜூன் 23 அன்று கார்ட்டோசாட் என்ற புவி நோக்குச் செயற்கைக்கோளுடன் ஏற்றிச் சென்றவற்றில், பெல்ஜியத்தின் வான் கார்மன் ஆய்வு நிறுவனம் வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராய முன்னின்று நடத்திய 'க்யூபி50' திட்டத்தின் சிறிய செயற்கைக்கோள்களும் இருந்தன என்பதை நம் நாளிதழ்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் தொடங்கும் அந்த அடுக்கான தெர்மோஸ்பியரின் கீழ்ப்பகுதி பலூனுக்கு எட்டாது. ஆய்வு ராக்கெட் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அங்கே இறங்கிச் சுற்றும் கோளோ காற்றின் உராய்வால் விரைவில் எரிந்துபோகும். எரியப்போகிற இடத்துக்குப் பெரும்பொருள் செலவிட்டு ஒரு கோளை அனுப்ப யாருக்கு மனம் வரும்? அதனால்தான் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய ஒரு செங்கல் அளவில், 10 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமுமாகக் கோள்களைச் செய்தன. ஒற்றைக் கோள் அளந்த மாற்றம் இடத்தால் வந்ததா, நேரத்தால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. பல கோள்கள் அடுத்தடுத்துக் கடந்தால் அது தெளிவாகும்.

2022 பிப்ரவரியில் சூரியச் சீற்றம் எழுப்பிய காந்தப்புயலால் அந்த அடுக்கின் காற்று அடர்ந்து, புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள் 49இல் ஏறத்தாழ 40 வீழ்ந்தன. இத்தகைய ஆய்வுகளுக்கும் தங்கள் அறிவியல் பக்கத்தில் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்