பிட் எத்தனை என்பது மட்டும் போதாது, உயரத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய கருவிகள் என்று உங்கள் நாளிதழில் வந்த பட்டியலைப் படித்தேன். சுத்தியல், குறடு, இரண்டு திருப்புளி, அளவு நாடா என எல்லாம் சரிதான். ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ராட்செட்டும் (கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினாலே திருகை ஒரே பக்கமாகத் திருப்பும் கருவி) அதற்கான பிட்களும் (மாற்றி மாற்றி மாட்டுகிற திருப்புளி முனைகள்) சேர்ந்த செட். அதைச் சேர்க்கச் சொல்லித்தான் எழுதுகிறேன். அந்தப் பெட்டிகளில் அச்சிடாமல் விடுகிற இரண்டு எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் 23 வருடமாகத் தையல் தொழில் செய்கிறேன். மெஷினைப் பிரித்துத் துடைப்பதும் நானேதான். துணியிலிருந்து உதிரும் பஞ்சு, ஊசித் தகட்டுக்குக் கீழே போய், துணியை இழுக்கும் பற்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். நாளாக ஆக மெத்தைபோல் இறுகிவிடும். அப்புறம் பற்கள் துணியைச் சரியாகப் பிடிக்காது. தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழும். தகட்டைக் கழற்றினால்தான் பஞ்சை முழுசாக எடுக்க முடியும். தகட்டைப் பிடித்திருப்பது இரண்டே திருகு. ஆனால் அவற்றுக்கு மேலே ஊசிக் கம்பியும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தாங்கும் கம்பியும் இறங்கி நிற்கும். ஊசியையும் பாதத்தையும் எடுத்த பிறகும் என் மெஷினில் திருகுத் தலைக்கு மேலே 45 மில்லிமீட்டர்தான் இடம்.

நீளத் திருப்புளி அங்கே நேராக நிற்காது, சாய்த்துத்தான் வைக்க வேண்டும். சாய்த்தால் முனை பள்ளத்தில் பாதிதான் உட்காரும். அழுத்தித் திருப்பும்போது மேலே ஏறி வழுக்கும். வழுக்குகிற ஒவ்வொரு தடவையும் பள்ளத்தின் ஓரத்தில் கொஞ்சம் இரும்பைச் சீவிவிடும். ஒரு திருகை நான் அப்படித்தான் கெடுத்தேன். பள்ளம் இருந்த இடம் வழுவழுவென்று குழிந்துபோனது. கடைசியில் திருகைத் துளைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. 40 சீருடை தைத்து முடிக்க வேண்டிய வாரத்தில் மெஷின் இரண்டு நாள் சும்மா நின்றது.

அதற்கப்புறம்தான் ராட்செட் செட் வாங்கினேன். முதலில் வாங்கியதன் பெட்டியில் 46 உருப்படிகள் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால், ராட்செட்டின் முனை சதுரம். பிட் மாட்ட அதன் மேல் ஓர் இணைப்பு போட வேண்டும், இணைப்பின் மேல் பிட். மூன்றையும் சேர்த்து அளந்தேன், 62 மில்லிமீட்டர். என் 45-க்குள் எப்படி நுழையும்? நட்டு போல்ட்டுக்கு அது நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. நான் எதற்காக வாங்கினேனோ அதற்குத்தான் ஆகவில்லை.

இரண்டாவதாக வாங்கியதில் ராட்செட்டின் தலையிலேயே அறுகோணத் துளை. 25 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்ன பிட் நேராக அதற்குள் போய் உட்காருகிறது. மொத்த உயரம் 30 மில்லிமீட்டர். முதல் தடவை அதைத் திருகின் மேல் வைத்தபோது, பட்டை முனை பள்ளத்தின் அடிவரை இறங்கி நேராக நின்றது. இடது கைக் கட்டைவிரலால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை லேசாகத் தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம், திருகு விட்டுக்கொடுத்தது. வழுக்கவே இல்லை.

இடம் மேலே மட்டுமல்ல, பக்கத்திலும் வேண்டும். அறுகோணக் குழியுள்ள திருகுகளைத் திருப்பும் எல் வடிவ அலன் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகம். திருப்பி, எடுத்து, மறுபடி வைக்க 60 டிகிரி இடம் வேண்டும். அந்த அளவு வீச்சு கிடைக்காத மூலையில் அந்தச் சாவியால் ஒன்றும் செய்ய முடியாது. ராட்செட்டுக்குள் ஒரு பல்சக்கரமும், பல்லில் விழுந்து பிடிக்கிற ஒரு நாக்கும் இருக்கின்றன. 72 பல் இருந்தால் ஒரு பல் தாண்ட 5 டிகிரி போதும். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே 6 டிகிரி. 24 பல்தான் என்றால் 15 டிகிரி வேண்டும். அலமாரிக் கீல், குழாய்க்குப் பின்பக்கம், சுவரோடு ஒட்டிய மேசையின் கால் போன்ற இடங்களில் இந்த 10 டிகிரி வித்தியாசத்தில்தான் வேலை முடிவதும் முடியாததும்.

என் மணிக்கட்டுக்கும் இது பெரிய உதவி. வருடக்கணக்கில் கத்தரிக்கோல் பிடித்த கை, முறுக்கினால் வலிக்கும். ராட்செட்டை முறுக்க வேண்டாம், முன்னும் பின்னும் தள்ளினால் போதும். கை வலி உள்ளவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வேன்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. கைப்பிடி சின்னதாக இருக்கிறதே என்று அசட்டையாக முறுக்கக் கூடாது. 10 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரும். 4 மில்லிமீட்டர் எஃகுத் திருகுக்குச் சாதாரணமாக 3 போதும். பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்கு அதைவிடக் குறைவு. அதனால் இறுக்கும்போது கடைசிச் சுற்றை இரண்டு விரலால் முடிப்பதே என் வழக்கம். திருகு தளர்ந்த பிறகும் ஒரு சங்கடம் வரும். கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் திருகும் கூடவே பின்னால் வரும், ஏனென்றால் நாக்கைத் தாண்டவைக்கிற அளவு பிடிமானம்கூடத் திருகில் இருக்காது. ராட்செட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் பிட்டையே விரலால் சுழற்ற வேண்டும், சிலவற்றில் அதற்கென்றே தலையில் ஒரு சின்ன வளையம் இருக்கும்.

பிட்டையும் பார்த்து எடுக்க வேண்டும். ஸ்டார் திருப்புளி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் ஒன்று, அதன் பிட்டில் பிஎச் என்று இருக்கும். இன்னொன்று போசிடிரைவ், பிஇசட் என்று இருக்கும். இந்த வகைத் திருகின் தலையில், சிலுவைக் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். இரண்டும் ஒன்றில் ஒன்று நுழையும், ஆனால் சரியாக உட்காராது. தலை தேய்ந்துபோகிற திருகுகளில் பல இப்படித்தான் தேய்கின்றன.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். இந்த செட்களைத் தயாரிப்பவர்கள் பெட்டியின் மேல் இரண்டு எண்களைப் போட வேண்டும். ஒன்று, மிகச் சின்ன பிட்டை மாட்டிய நிலையில் மொத்த உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்பது. இரண்டாவது, பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பது. சிலர் பல் எண்ணிக்கையைப் போடுகிறார்கள், உயரத்தை நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் போடவில்லை. குறுகிய இடத்துக்கென்றே விற்கிற கருவிக்கு, அது எவ்வளவு குறுகிய இடத்தில் நுழையும் என்று சொல்லாமல் விடலாமா? 46 என்ற எண்ணை நம்பி வாங்கியவள் நான். அந்த 46-இல் இன்றுவரை கைக்கு வந்தவை ஏழெட்டுதான்.

உங்கள் நாளிதழும் ஓர் உதவி செய்யலாம். அடுத்த முறை கருவிகளைப் பற்றி எழுதும்போது படத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுங்கள். வாங்கப் போகிறவர்கள் வீட்டில் அந்த இடுக்கை முதலில் அளந்து குறித்துக்கொண்டு போவதும் நல்லது. என்னிடமுள்ள இரண்டு செட்டுகளின் அளவுகளையும் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி