விபத்து வழக்கும் வக்கீல் ஃபீஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஜெயித்தால்தான் ஃபீஸ், நஷ்டஈட்டில் 25 சதவீதம்' என்கிறார்கள் டர்பன் வக்கீல்கள் சிலர். அது உச்சவரம்பு, உரிமை அல்ல. தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு 'ஜெயித்தால்தான் ஃபீஸ்' ஒப்பந்தச் சட்டப்படி (Contingency Fees Act), வழக்கமான ஃபீஸின் இரு மடங்கு, கிடைக்கும் தொகையில் 25 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக்கூடாது. வழக்கமான ஃபீஸ் 30,000 ராண்ட், நஷ்டஈடு 4 லட்சம் என்று வையுங்கள். அதிகபட்சம் 60,000தான், ஒரு லட்சம் அல்ல. அதனால்தான் வழக்கமான ஃபீஸ் எவ்வளவு என்று தெரிய, வக்கீல் வேலை செய்த மணிக்கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்கத்தான் நம்மவர்களுக்குக் கூச்சம்!

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்களுக்கு. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். வக்கீலுடைய ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (கட்சிக்காரர் பணத்தை வக்கீல் திருடினால் ஈடு செய்யும் நிதியத்தின் சான்றிதழ்) நடப்பு ஆண்டுக்கானதா என்றும் பாருங்கள். டிசம்பர் 31உடன் அது காலாவதியாகும்.

— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்