சாவி பொருந்தினா மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மருத்துவப் பக்கத்துல ஆன்டிபாடி (கிருமிய புடிக்க ஒடம்பு செய்யற புரதம்) மருந்து பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா செல்லு மேல இருக்கற ரிசப்டர் (வெளியில இருந்து வர்ற சேதிய வாங்கற புரதம்) ஒரு பூட்டு, ஆன்டிபாடி அதோட சாவி, பொருந்திட்டா வேலை முடிஞ்சதுன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல. நான் பாலக்கோடு பக்கம் பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் எடுக்கறவன். வருஷா வருஷம் போர்டுல ஒய் எழுத்து மாதிரி ஒரு படத்த போட்டு, ரெண்டு ஹெவி செயின் ரெண்டு லைட் செயின்னு (பெரிய, சின்ன புரதச் சங்கிலி) சொல்லிக் குடுக்கறோம், பசங்களும் அதையே அப்படியே வரைஞ்சு மார்க் வாங்கிடறாங்க. ஆனா அந்தப் படம் சும்மா விறைப்பா நிக்குது, நெஜ ஆன்டிபாடி ஒரு நிமிஷம் கூட அப்படி நிக்கறதில்ல.

ஒய்யோட ரெண்டு கையும் வாலும் சேர்ற இடத்துல கீல் மாதிரி ஒரு பகுதி இருக்கு. அது திறந்த இடமா இருக்கறதாலதான் 1959ல ரோட்னி போர்ட்டர்ங்கற விஞ்ஞானி, பப்பாளிப் பால்ல இருக்கற பப்பைன் என்சைம வெச்சு ஆன்டிபாடிய மூணு துண்டா வெட்ட முடிஞ்சது, அந்த மாதிரி வேலைக்குத்தான் அவருக்கும் ஜெரால்டு எடல்மேனுக்கும் 1972ல நோபல் கெடச்சது. இந்தக் கீல் எல்லாத்துக்கும் ஒரே மாதிரியும் கெடையாது. நம்ம ரத்தத்துல ஐஜிஜிங்கற ஆன்டிபாடி மட்டுமே நாலு வகை, முதல் வகையில கீலோட நீளம் 15 அமினோ அமிலம் (புரதச் சங்கிலியோட மணிங்க), ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் 12, மூணாவதுல 62! அந்த மூணாவது நல்லா வளைஞ்சு நெளிஞ்சு ஆடும். ரெண்டாவது வகையில கீல் குட்டை, அதுக்குள்ள நாலு டைசல்ஃபைடு பிணைப்பு (ரெண்டு கந்தக அணு சேர்ற முடிச்சு) வேற போட்டு இறுக்கி வெச்சிருக்கு, அதனால அதிகமா அசையாது.

சரி இதுல என்ன இருக்கு, ஆடினா என்ன ஆடாட்டி என்னன்னு கேக்கலாம். அடுப்புல இருந்து பாத்திரம் எறக்கற இடுக்கிய எடுத்துக்கங்க, ஆணி லூசா இருந்தா ரெண்டு பக்கமும் தொட்டுக்கிட்டுதான் இருக்கும், பாத்திரம் மட்டும் நிக்காது. சிடி40ன்னு ஒரு ரிசப்டர் நம்ம எதிர்ப்பு சக்தி செல்லுங்களான பி செல்லு மேலயும் டென்ட்ரிடிக் செல்லு மேலயும் இருக்கு, அத தட்டி எழுப்பினா டி செல்லு கேன்சர அடிக்கக் கெளம்பும். ஆனா அது சும்மா தொட்டா எழுந்திரிக்காது, பக்கத்து பக்கத்துல ரெண்டு மூணு ரிசப்டர் ஒண்ணா கூடணும், ஒடம்புல இயற்கையா இருக்கற சிடி40 லிகண்டே (அந்த ரிசப்டர்ல வந்து ஒட்டற புரதம்) மூணு துண்டு சேர்ந்த ஒண்ணுதான். இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரங்க சிடி40ய புடிக்கற ரெண்டாம் வகை ஆன்டிபாடிய எடுத்து, கையோட நுனிய தொடவே தொடாம, கீல் பகுதியில அந்த முடிச்சு போடற சிஸ்டீன்ங்கற அமினோ அமிலங்கள, முடிச்சு போடாத செரினா வெவ்வேற விதமா மாத்தி பாத்தாங்க. 2022ல வெளியிட்டாங்க. ரிசப்டர புடிக்கற நுனி எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ஆனா கீல் இறுக்கமா இருந்தது செல்ல நல்லா எழுப்புச்சு, தளர்ந்து ஆடினது எழுப்பவே தெணறுச்சு. சாவி அதே சாவி, பூட்டும் அதே பூட்டு, இதுக்கு உங்க கட்டுரையில எங்க விளக்கம் இருக்கு சொல்லுங்க?

அதுக்காக இறுக்கமா இருக்கறதுதான் எப்பவும் ஒசத்தின்னு நான் சொல்ல வரல. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் மாதிரி கேன்சர் மருந்துங்க, டி செல்லுக்கு பிரேக் மாதிரி இருக்கற பிடி1 ரிசப்டர தட்டி எழுப்ப வேண்டியதில்ல, அடைச்சு வெச்சா போதும். அதுங்க நாலாவது வகை, இந்த வகைக்கு ஒரு விசித்திரப் புத்தி, ரத்தத்துல போகும்போதே பாதி பாதியா பிரிஞ்சு வேற ஆன்டிபாடியோட பாதிய மாத்திக்கும், மருந்தா குடுத்தது எங்கயோ ஜோடி மாறிப் போனா அப்புறம் என்ன பிரயோஜனம்? அதனால கீல்ல 228ஆவது எடத்துல ஒரே ஒரு செரின புரோலின்ங்கற இன்னொரு அமினோ அமிலமா மாத்தி அத நிறுத்தியிருக்காங்க. பாருங்க, இங்கயும் கீல்தான். மார்பகப் புத்துநோய்க்கு குடுக்கற டிராஸ்டுசுமாப் இன்னொரு தினுசு, முதல் வகை, கையால கேன்சர் செல்லு மேல இருக்கற ஹெர்2ங்கற ரிசப்டர புடிச்சுக்கிட்டு வாலால எதிர்ப்பு சக்தியோட கொலைகார செல்லுகள கூப்பிடும். அதே ஹெர்2வ பெர்டுசுமாப் வேற எடத்துல புடிச்சு, ரிசப்டர் ஜோடி சேராம தடுக்குது.

இத ஏன் இவ்ளோ நீட்டறேன்னா, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து சேலத்துக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் இந்த ஊசி போட்டுக்க போறவங்க நெறைய பேரு. எங்க சொந்தத்துல ஒரு சித்திக்கு டிராஸ்டுசுமாப் ஓடுது, அவங்க தெருவுல ஒருத்தருக்கு மூட்டு வாதத்துக்கு அடாலிமுமாப், ரெண்டு பேரும் ஊசி அட்டைய பாத்துட்டு "கடைசியில மாப் மாப்னுதான முடியுது, ரெண்டும் ஒண்ணுதான, எது கம்மி விலையோ அத போட்டுக்கலாமே"ன்னு பேசிட்டிருந்தாங்க, கேட்டு எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. சாவி பூட்டு கதைய மட்டும் படிச்சவங்க அப்படித்தான் நெனைப்பாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல. 2006ல லண்டன்ல டிஜிஎன்1412ன்னு ஒரு ஆன்டிபாடிய நல்லா இருந்த ஆறு ஆளுங்களுக்கு ஏத்தி, அது டி செல்லு மேல இருக்கற சிடி28 ரிசப்டர கட்டுக்கு மீறி எழுப்பி விட்டு, ஆறு பேரும் ஐசியூவுக்கு போனாங்க. புடிக்கறது வேற, புடிச்ச அப்புறம் செல்லுக்குள்ள என்ன நடக்குதுங்கறது வேற.

உங்க மருத்துவ நிருபருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ரெண்டாம் வகை ஆன்டிபாடி ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கும்போதே அதோட டைசல்ஃபைடு பிணைப்புங்க மெதுவா எடம் மாறி, தளர்ந்த வடிவத்துல இருந்து இறுகின வடிவத்துக்கு தானா போகுது. அப்போ ஊசி போட்ட அன்னிக்கு இருக்கற மருந்தும் பத்து நாள் கழிச்சு ஒடம்புல இருக்கற மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? மருந்து டாக்டருங்க யார்கிட்டயாவது இத கேட்டு எழுதினீங்கன்னா எங்க பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெப்பேன்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.